லோப்பன்: நடையா, ஓட்டமா? ஒரு டச்சு வினைச்சொல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டச்சு கற்கத் தொடங்கியவர்களுக்கு முதல் மாதத்திலேயே அறிமுகமாகும் சொல் லோப்பன். பாடப்புத்தகம் 'நடத்தல்' என்று பொருள் போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். மறுநாள் வெளியே வந்து பார்த்தால் கடிகாரம் லோப்பன், குழாய்த் தண்ணீர் லோப்பன், சளி பிடித்த மூக்கும் லோப்பன். கடைசியில் பாஸ்போர்ட் காலாவதியாவதும் ஒரு வகை லோப்பன்தான் என்று தெரிய வரும்போது, புத்தகத்தில் படித்தது எதற்கும் உதவவில்லையே என்று தோன்றும். அப்படித் தோன்றியவர்கள் கேட்கும் கேள்விகள்தான் இவை.

லோப்பன் என்றால் சரியாக என்ன பொருள்?

நெதர்லாந்தில் முதல் பொருள் நடப்பது. "இக் லோப் நார் ஹெட் ஸ்டாஷோன்" என்றால் நான் ஸ்டேஷனுக்கு நடந்து போகிறேன் என்று அர்த்தம். இங்கே 'நடந்து' என்பதுதான் முக்கியம். சைக்கிளில் போவதே வழக்கமான ஊர் அது. அதனால் ஒருவர் லோப் என்று சொன்னால், சைக்கிள் எடுக்கவில்லை என்ற செய்தியும் அதிலேயே வந்துவிடுகிறது. "லோப்பன்ட் வருகிறாயா, சைக்கிளிலா?" என்று கேட்பது சாதாரணம். லோப்பன்ட் என்றால் கால்நடையாக.

ஆனால் இந்த முதல் பொருளோடு நின்றுவிட்டால் பாதி வாக்கியங்கள் புரியாது. தமிழ் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நாம் 'நட', 'ஓடு' என்ற இரண்டு வினைகளைக் கால் இல்லாத பொருள்களுக்கும் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, வண்டி ஓடுகிறது, கடை நன்றாக நடக்கிறது, வழக்கு நடக்கிறது, கல்யாணம் நடக்கிறது. இந்த இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிளறினால் லோப்பன் கிடைக்கும். தொடங்கிய ஒன்று தன் போக்கில் போய்க்கொண்டிருக்கிறது என்பதே அதன் உட்பொருள். கடிகாரம் லோப்ட், எஞ்சின் லோப்ட், வழக்கு லோப்ட், ஆறு மலையிலிருந்து கடலுக்கு லோப்ட், சாலை ஊரைச் சுற்றி லோப்ட். தமிழில் எது ஓடும் அல்லது நடக்கும் என்று யோசித்துப் பார்த்தால், பத்துக்கு ஏழு முறை அங்கே லோப்பன் பொருந்திவிடும்.

அகராதி தரும் ஒற்றைச் சொல்லைவிட இந்த வழியில்தான் எனக்கு இந்த வினை பிடிபட்டது. மனப்பாடம் செய்தவரை ஒட்டவே இல்லை.

உச்சரிப்பது எப்படி? எழுதும்போது ஏன் ஒரு இடத்தில் ஒரு ஓ, இன்னொரு இடத்தில் இரண்டு ஓ?

ஓ நெடில். கடைசி ன் பெரும்பாலும் காற்றோடு போய்விடும். ஆம்ஸ்டர்டாம் பக்கம் காதில் விழுவது 'லோப்ப' மட்டுமே. வடகிழக்கில் க்ரோனிங்கன், ட்வென்ட்டெ பக்கம் போனால் நடுவிலுள்ள உயிரை விழுங்கி 'லோப்ம்' என்பார்கள். டச்சுக்காரர்களின் ப் ஒலியில் மூச்சுக்காற்று வெடிக்காது, நம் 'அப்பா'வில் வரும் ப் போலவே இருக்கும். ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் இதற்குத் தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டும். நமக்குத் தேவையில்லை.

எழுத்து விதி இது. லோப்பன் எல்-ஓ-பி-ஈ-என், ஒரே ஓ. ஆனால் 'நான் நடக்கிறேன்' என்பதிலுள்ள லோப் எல்-ஓ-ஓ-பி, இரண்டு ஓ. அசை உயிரில் முடிந்தால் (லோ-பன்) ஒரு ஓ போட்டாலே நெடிலாக ஒலிக்கும். அசை மெய்யில் அடைபட்டால் நெடில் என்று காட்ட இரண்டு ஓ வேண்டும். நமக்கு ஒ, ஓ என்று குறிலுக்கும் நெடிலுக்கும் தனித்தனி எழுத்து இருக்கிறது. அவர்கள் எழுத்தை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ப் ஒலி 'கோபம்' என்பதிலுள்ள ப போல மெலிந்துவிடாமல் இருக்க, தமிழில் நான் 'லோப்பன்' என்று ப்-ஐ இரட்டித்து எழுதுகிறேன். அதைப் பார்த்து டச்சில் இரண்டு பி போட்டுவிடாதீர்கள். போட்டால் ஓ குறுகி 'லொப்பன்' என்று படிப்பார்கள்.

இன்னொன்று, டச்சு 'ஜி' எழுத்து தொண்டையை உரசி வரும் ஒலி. எஃகு என்று அழுத்திச் சொல்லும்போது நடுவில் ஒரு உரசல் வருமே, ஏறக்குறைய அது. அதனால் அந்த ஒலி வரும் இடங்களில் ஃக என்று எழுதியிருக்கிறேன். ஆய்த எழுத்துக்கு இப்படியாவது ஒரு வேலை கிடைக்கட்டும்.

நிகழ்காலத்தில் எப்படி மாறும்?

இக் லோப்: நான் நடக்கிறேன்
யை லோப்ட்: நீ நடக்கிறாய்
யூ லோப்ட்: நீங்கள் நடக்கிறீர்கள் (மரியாதை, ஒருமை)
ஹை லோப்ட், ஸை லோப்ட்: அவன், அவள் நடக்கிறார்கள்
வை லோப்பன், யுலி லோப்பன், ஸை லோப்பன்: நாம், நீங்கள் எல்லோரும், அவர்கள்

மூன்றே வடிவங்கள்தான். தமிழில் ஒவ்வொரு இடத்துக்கும் விகுதி மாறுவதைப் பார்த்த நமக்கு இது சர்க்கரைப் பொங்கல். ஒரே ஒரு கல் மட்டும் கிடக்கிறது. நீ என்பதைக் கேள்வியாக்கி முன்பின் மாற்றினால் ட் உதிர்ந்துவிடும். "யை லோப்ட்" சரி, ஆனால் கேள்வியில் "லோப் யை?" மட்டுமே சரி. யூ, ஹை, ஸை ஆகியவற்றில் ட் அசையாது. "லோப்ட் யூ?", "லோப்ட் ஹை?" டச்சுக்காரர்களே எழுதும்போது தவறுவது இந்த ட்-இல்தான், அதிலும் டி எழுத்தில் முடியும் வினைகளில். லோப்பனில் காதாலேயே வித்தியாசம் கேட்கும் என்பதால் இங்கே பழகிக்கொண்டு மற்ற வினைகளுக்குப் போவது நல்லது.

இறந்தகாலம் ஏன் லீப் ஆகிறது? லோப்ட்டெ என்று ஏன் சொல்லக்கூடாது?

சொல்லலாம், மூன்று வயதுக் குழந்தையாக இருந்தால். டச்சுக் குழந்தைகள் அப்படித்தான் சொல்கிறார்கள். பெரியவர்கள் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள்.

ஒருமைக்கு லீப், பன்மைக்கு லீப்பன். எழுதும்போது எல்-ஐ-ஈ-பி. இது வலுவினை என்ற வகையைச் சேர்ந்தது, அதாவது விகுதி சேர்க்காமல் உள்ளே உயிரை மாற்றி இறந்தகாலம் காட்டுவது. அதிலும் ஏழாவது வகுப்பு. விகுதி சேர்க்கும் மெல்வினைகளில் டெ வருமா, ட்டெ வருமா என்று கண்டுபிடிக்கச் சொல்லித்தரும் 'கொஃப்ஸ்கிப்' சூத்திரம் இங்கே செல்லாது.

இந்த ஏழாம் வகுப்பின் பின்கதை சுவையானது. ஜெர்மானிய மொழிகளின் பழைய நிலையில் இந்த வினைகள் முதல் எழுத்தை இரட்டித்து இறந்தகாலம் காட்டின. 4ஆம் நூற்றாண்டில் விவிலியம் மொழிபெயர்க்கப்பட்ட காதிக் மொழியில் இதை இன்னும் நேரடியாகப் பார்க்கலாம். 'விடு' என்பது லேட்டன், 'விட்டான்' என்பது லெலோட். சமஸ்கிருதத்தில் தா என்ற வேர் 'ததௌ' என்று ஆகும் அதே உத்தி. பிற்காலத்தில் இரட்டிப்பு தேய்ந்து போய், அதன் இடத்தில் ஈ என்ற உயிர் உட்கார்ந்துகொண்டது. அதே லேட்டன் டச்சில் இன்று லாட்டன், இறந்தகாலம் லீட். லோப்பன் அதன் சகோதரன்.

மனதில் நிறுத்த மூன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்: ஸ்லாப்பன் – ஸ்லீப் (தூங்கு), லோப்பன் – லீப் (நட), ரூப்பன் – ரீப் (கூப்பிடு). ஸ்லீப், லீப், ரீப். எதுகை வைத்த மாதிரியே இருக்கிறது. தூங்கினான், நடந்தான், கூப்பிட்டான் என்று ஒரு குட்டிக் கதையும் ஆகிவிடும்.

'நடந்திருக்கிறேன்' என்று சொல்ல ஹெப்பன் வருமா, ஸைன் வருமா?

ஹெப்பன் (கொண்டிரு), ஸைன் (இரு) என்ற துணைவினைகள் இரண்டும் வரும். எது என்பது நீங்கள் சொல்ல வருவதைப் பொறுத்தது. இவற்றோடு சேரும் முற்றெச்ச வடிவம் ஃகெலோப்பன். 'நான்' என்பதோடு வரும்போது ஹெப்பன் ஹெப் ஆகும், ஸைன் பென் ஆகும்.

இலக்கு சொன்னால் ஸைன்: "இக் பென் நார் ஹௌஸ் ஃகெலோப்பன்", வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டேன். இலக்கு இல்லாமல் நடையை மட்டும் சொன்னால் ஹெப்பன்: "இக் ஹெப் ட்வே யூர் ஃகெலோப்பன்", இரண்டு மணி நேரம் நடந்தேன். முதலாவதில் ஆள் இடம் மாறிவிட்டார், நிலை மாறிவிட்டது. இரண்டாவதில் கால் வலிதான் மிச்சம். வாக்கியத்தில் 'நார்' (நோக்கி) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அநேகமாக ஸைன். ஃப்ளீகன் (பற), ஃபீட்ஸன் (சைக்கிள் ஓட்டு), ஸ்வெம்மன் (நீந்து) எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

மற்ற காலங்கள் சிரமம் தராதவை. எதிர்காலம் ஸால் லோப்பன், 'நடப்பேனாக்கும்' என்ற நிபந்தனைத் தொனிக்கு ஸௌ லோப்பன், இப்போது நடந்துகொண்டிருப்பதற்கு "இக் பென் ஆன் ஹெட் லோப்பன்".

சொல்லின் பூர்வீகம் என்ன? ஆங்கிலத்தில் உறவுக்காரர் யாராவது?

ஆதி ஜெர்மானிய வடிவம் ஹ்லவ்ப்பன் போன்ற ஒன்று. முன்னால் நின்ற ஹ் பின்னர் உதிர்ந்தது. இந்தக் குடும்பத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு வேகத்தில் போகிறது. ஆங்கிலத்தின் லீப் குதிக்கிறது. ஸ்வீடிஷ் லோப்பாவும் டேனிஷ் லோபெயும் ஓடுகின்றன. ஜெர்மன் லவ்ஃபன் இடத்துக்கு இடம் ஓடவும் செய்கிறது, நடக்கவும் செய்கிறது. நெதர்லாந்தின் லோப்பன் நிதானமாக நடக்கிறது. குடும்பத்திலேயே சாவகாசமானது இதுதான்.

ஆங்கில 'லீப்'பும் டச்சு இறந்தகால 'லீப்'பும் காதுக்கு ஒன்றுபோல் கேட்டாலும் பொருள் வேறு என்பதை மறக்க வேண்டாம். "ஹை லீப்" என்றால் அவன் நடந்தான், குதிக்கவில்லை.

இடைக்கால டச்சில் லோப்பன் முக்கியமாக ஓடுவதையே குறித்தது. அந்தப் பழைய பொருள் நெதர்லாந்தில் இன்னும் ஒளிந்திருக்கிறது. ஓட்டப்பயிற்சிக்கு அவர்கள் சொல்வது ஹார்ட்லோப்பன், அதாவது 'வேகமாக லோப்பன்'. மாரத்தானை யாரும் நடப்பதில்லை, ஆனாலும் "மாரத்தான் லோப்பன்" என்றே சொல்வார்கள். குதிரை மிரண்டு ஓடினால் "ஓப் டெ லோப்". ஓட்டப்பந்தயம் வெட்லோப்.

பக்கத்து வீட்டுக் கதை இன்னும் வேடிக்கை. நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் பேசும் ஃப்ரீஸிய மொழியில் 'நட' என்பதற்கு ரின்னெ. அது ஆங்கிலத்தின் 'ரன்'னுக்கு உடன்பிறப்பு. ஓட்டத்துக்குரிய சொல்லை நடையாக்குவது அந்தக் கரையோரத்துக்குப் பழகிப்போன காரியம் போல.

வெளியூர்களுக்கும் இந்த வேர் போயிருக்கிறது. குதிரையின் நாலுகால் பாய்ச்சலைக் குறிக்கும் 'கேலப்', பழைய ஃப்ராங்கிய மொழியின் 'நன்றாக ஓடு' என்ற சேர்க்கையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஆங்கிலப் போர்க்கப்பல்களின் கீழ்த்தளத்துக்கு 'ஆர்லாப்' என்று பெயர். அது டச்சு ஓஃபர்லோப்தான். 1805இல் டிராஃபல்கர் போரில் குண்டடிபட்ட ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சன் உயிர்விட்டது அந்த ஆர்லாப் தளத்தில். இன்று அதே ஓஃபர்லோப் டச்சு வீடுகளில் மாடிப்படி ஏறியதும் வரும் சிறிய இடைவெளிக்குப் பெயர். துவைத்த துணி உலர்த்தும் ஸ்டாண்டு நிற்பது பெரும்பாலும் அங்கேதான்.

பெல்ஜியத்தில் வேறு பொருளாமே?

ஆமாம். ஃப்ளாண்டர்ஸ் பகுதியில் லோப்பன் என்றால் இன்றும் ஓடுவது. நடப்பதற்கு ஸ்டப்பன், வாண்டெலன், அல்லது 'டெ ஃபூட் ஃகான்' (காலால் போ). ஆண்ட்வெர்ப் நண்பர் "வா, லோப்பன் போகலாம்" என்றால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், அவர் ஷூ லேஸை இறுக்கிக்கொண்டிருப்பார்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஃப்ளாண்டர்ஸில் நடையைக் குறிக்கும் அதே ஸ்டப்பன், நெதர்லாந்தில் 'ஃகான் ஸ்டப்பன்' என்று வந்தால் இரவில் பார், டான்ஸ் என்று ஊர் சுற்றுவதைக் குறிக்கும். ஒருவர் காலாற நடக்கக் கூப்பிட, மற்றவர் சென்ட் அடித்துக்கொண்டு வந்து நிற்கலாம்.

தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிக்கான்ஸ் மொழி வடக்கர்களோடு நிற்கிறது. அங்கே லோப் என்றால் நட, ஹார்ட்லோப் என்றால் ஓடு. ஆனால் லீப் அங்கே வழக்கொழிந்துவிட்டது. "எக் ஹெட் ஃகெலோப்" என்று ஒரே மாதிரியில் முடித்துவிடுவார்கள். டச்சு வலுவினைப் பட்டியலை மனப்பாடம் செய்பவர்களுக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

"ஹை லோப்ட் டெ ஸியூரன்" என்கிறார்கள். உட்கார்ந்திருப்பவரைப் பற்றியும் சொல்கிறார்களே?

ஸியூரன் என்றால் நச்சரிப்பது, புலம்புவது. நேரடியாகப் பார்த்தால் 'நடந்துகொண்டு புலம்புகிறான்'. ஆனால் இங்கே நடை முக்கியமில்லை. தமிழில் "காலையிலிருந்து புலம்பிக்கிட்டே திரியறான்" என்கிறோமே, அந்தத் திரிதான் இந்த லோப்பன். ஆள் எங்கும் திரியவில்லை, ஒரே செயலைத் தொடர்ந்து செய்கிறான், கேட்பவருக்கு எரிச்சல். இந்த எரிச்சல் தொனி டச்சிலும் அப்படியே இருக்கிறது. ஆங்கிலம் வழியாக டச்சு படிப்பவர்களுக்கு இதை விளக்க அரைப் பக்கம் வேண்டும். தமிழருக்கு ஒரு 'திரி' போதும்.

ஹெப்பன், ஸைன் சேரும் முற்று வடிவில் ஒரு விசித்திரம் நடக்கும். "ஹை ஹேஃப்ட் டெ ஹேலெ டாஃக் லோப்பன் ஸியூரன்", நாள் முழுக்கப் புலம்பிக்கொண்டே திரிந்தான். ஃகெலோப்பன் வர வேண்டிய இடத்தில் வெறும் லோப்பன் வந்துவிட்டது, நடுவிலிருந்த 'டெ'யும் காணோம். இது பிழையல்ல, இலக்கணம்தான். பேச்சில் தினமும் காதில் விழும், ஆனால் பாடப்புத்தகத்தில் கடைசி அத்தியாயத்துக்கு முன் வராது.

முன்னொட்டு சேர்ந்தால் பொருள் தலைகீழாகிறதே. எல்லாவற்றையும் படிக்க வேண்டுமா?

எல்லாவற்றையும் வேண்டாம். அன்றாடம் கண்ணில் படுபவை போதும்.

அஃப்லோப்பன் முடிவது. வீட்டு வாடகை ஒப்பந்தம் "லோப்ட் அஃப்" என்றால் காலம் முடிகிறது. படம் எப்படி "அஃப்" ஆனது என்றால் முடிவு என்ன என்று கேட்கிறார்கள். அலாரம் அடிப்பதற்கும் இதே சொல். கடந்த வாரம் என்பது 'அஃப்ஃகெலோப்பன் வேக்', முடிந்துபோன வாரம். சண்டை போடும் இரண்டு பிள்ளைகளைப் பார்த்து அம்மா "அஃப்ஃகெலோப்பன்!" என்று ஒரு அதட்டல் போட்டால், "போதும், நிறுத்து!"

ஃபெர்லோப்பன் காலாவதியாவது. "மெய்ன் பாஸ்போர்ட் இஸ் ஃபெர்லோப்பன்". இது பிரியாத முன்னொட்டு, அதனால் முற்றில் ஃகெ சேராது. ஃபெர்லோப்பன், ஃபெர்லீப், ஃபெர்லோப்பன் என்று தொடக்கமும் முடிவும் ஒன்றுதான். அறுவை சிகிச்சையோ கூட்டமோ நல்லபடியாக நடந்தேறியது என்று சொல்லவும் இது வரும்.

ஓப்லோப்பன் ஏறுவது: விலை, காய்ச்சல், பதற்றம் எல்லாம். கூடவே 'வாங்கிக்கட்டிக்கொள்வது' என்ற பொருளும். சளி பிடித்தால் அது ஓப்லோப்பன், ரயிலுக்குத் தாமதமானால் அதுவும் ஓப்லோப்பன்.

ஃபஸ்ட்லோப்பன் சிக்கி நிற்பது. சம்பளப் பேச்சுவார்த்தைக்கும் பொருந்தும், உறைந்துபோன கம்ப்யூட்டருக்கும் பொருந்தும்.

அவுட்லோப்பன் எனக்குப் பிடித்தது. மீட்டிங் நேரத்தைத் தாண்டிப் போனால் அவுட்லோப்பன். சமையலறை மூலையில் மறந்துபோன உருளைக்கிழங்குப் பையைத் திறந்தால், வெள்ளை வெள்ளையாக முளை நீட்டிக்கொண்டிருக்குமே, அந்தக் கிழங்குகளும் "அவுட்ஃகெலோப்பன்". அழுதபின் கண்மை கன்னத்தில் வழிந்தாலும் அதே சொல். தன் எல்லையைவிட்டு வெளியே ஓடுவது என்று பார்த்தால் மூன்றும் ஒன்றுதான்.

டோர்லோப்பன் என்பதில் அழுத்தம் எங்கே என்று கவனிக்க வேண்டும். 'டோர்'-இல் அழுத்தினால் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பது. கூட்டத்தில் நிற்பவர்களிடம் போலீஸ்காரர் சொல்வது அதுதான். கழிப்பறைத் தொட்டியில் தண்ணீர் நிற்காமல் ஒழுகினாலும் "வேஸே லோப்ட் டோர்" என்று பிளம்பரிடம் சொன்னால் புரிந்துகொள்வார். 'லோ'-வில் அழுத்தினால் பள்ளி, பயிற்சி போன்ற ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை கடந்து வருவது.

மேலோப்பன் கூடவே வருவது. டாக்டரின் காத்திருப்பு அறையில் உங்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டு "லோப்ட் யூ மார் மே" என்பார்கள். 'உங்களால் நடக்க முடிகிறதா?' என்று கேட்பதாக நினைத்து "யா, யா, கால் நன்றாகத்தான் இருக்கிறது" என்று நான் பதில் சொன்னதுண்டு. அவர் சொன்னது "என்கூட வாங்க" என்பதுதான்.

நைமேகன் நடைப்பயணத்தில் இந்த வினை எப்படிப் புழங்குகிறது?

ஜூலை மாதம் நைமேகன் நகரில் நடக்கும் ஃபீர்டாஃக்ஸெ, அதாவது நான்கு நாள் நடை, 1909இல் தொடங்கியது. வயதையும் பிரிவையும் பொறுத்து நாளொன்றுக்கு 30, 40 அல்லது 50 கிலோமீட்டர். ஜூன் பிறந்தாலே அலுவலகத்தில் "லோப் யை டெ ஃபீர்டாஃக்ஸெ?" என்ற கேள்வி கிளம்பிவிடும். கலந்துகொள்வது லோப்பன், நான்கு நாளும் முடித்துவிட்டால் அவுட்லோப்பன். முடித்தவர்களுக்குச் சிலுவை வடிவப் பதக்கம் கிடைக்கும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, நகருக்குள் நுழையும் சாலையில் மக்கள் கிளாடியோலஸ் பூக்களைக் கொடுத்து வரவேற்பார்கள். 2006இல் கடும் வெயிலில் இரண்டு பேர் இறந்துபோக, முதல் நாளோடு நடை நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டு யாருக்கும் அவுட்லோப்பன் இல்லை.

மூன்றாம் நாள் மாலை நடப்பவர்கள் "இக் லோப் ஓப் மெய்ன் டாண்ட்ஃப்லேஸ்" என்பார்கள். பல் ஈறால் நடக்கிறேன் என்பது நேர்ப்பொருள். கால் தேய்ந்து தேய்ந்து வாய்வரைக்கும் வந்துவிட்டதாம்.

வடக்கே வாடன் கடலில் இன்னொரு நடை உண்டு: வாட்லோப்பன். கடல் வற்றும் நேரத்தில் வழிகாட்டியோடு சேற்றில் இறங்கி அமெலாண்ட் போன்ற தீவுக்கு நடந்தே போவது. 2009 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக இருக்கும் பகுதி. முழங்கால்வரை சேறு ஏறும், பழைய ஷூ போதும்.

மரபுத்தொடர்களில் முக்கியமானவை எவை?

'நாஸ்ட் யெ ஸ்ஃகூனன் லோப்பன்', தன் ஷூவுக்குப் பக்கத்தில் நடப்பது. தலைக்கனம் பிடித்தவரைச் சொல்வது. ஷூவே கொள்ளாத அளவுக்குப் பெரிய ஆளாகிவிட்டாராம்.

'டேஃகன் டெ லாம்ப் லோப்பன்', விளக்கில் போய் முட்டுவது, அதாவது கையும் களவுமாக மாட்டுவது.

கப்பல் கட்டிய நாடு என்பதால் கடல் வாசனை அடிக்கும் தொடர்கள் நிறைய. 'டெ ஹார்ட் ஃபான் ஸ்டாப்பெல் லோப்பன்' என்றால் அவசரக் குடுக்கையாக இறங்குவது. ஸ்டாப்பெல் என்பது கப்பலைக் கட்டும்போது அடியில் முட்டுக் கொடுக்கும் கட்டைகள். அதிலிருந்து கப்பல் விறுட்டென்று வழுக்கி நீரில் இறங்கினால் என்ன ஆகும்? 'டெ ஸ்பௌஃகாட்டன் அவுட்லோப்பன்' என்றால் வரம்பு மீறிப் போவது. ஸ்பௌஃகாட் என்பது கப்பலின் மேல்தளத்தில் தண்ணீர் வடிய விட்ட துளை.

'ஹார்ட்லோப்பர்ஸ் ஸைன் டோட்லோப்பர்ஸ்', வேகமாக ஓடுபவர் ஓடியே ஓய்ந்துபோவார். பதறாத காரியம் சிதறாது என்று நம்மூரில் சொல்வார்கள்.

மணி ஐந்தாகப் போகிறது என்பதற்கு "ஹெட் லோப்ட் டேஃகன் ஃபைஃபன்". யாராவது கவலையோடு ஏதாவது சொன்னால் டச்சுக்காரர் தோளைக் குலுக்கி "டாட் லோப்ட் வெல் லோஸ்" என்பார். அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, தானா சரியாயிடும். இந்த ஒரு தொடரைக் கற்றுக்கொண்டால் அந்த ஊரின் பாதி மனநிலை பிடிபட்டுவிடும் என்பது என் கட்சி.

லோப் சேர்ந்த பெயர்ச்சொற்கள் நிறையக் கண்ணில் படுகின்றனவே?

புதிதாகக் குடிவந்தவர்கள் முதலில் போகும் கடையே கிரிங்லோப்வின்கெல். கிரிங்லோப் என்றால் சுழற்சி, இது பழைய சாமான்கள் திரும்பச் சுழலும் கடை. ஐந்து யூரோவுக்கு நல்ல நாற்காலி கிடைத்தாலும் கிடைக்கும். பள்ளிப் புத்தகத்தில் நீர்ச் சுழற்சிக்கும் இதே சொல். இரத்த ஓட்டம் ப்ளூட்ஸ்ஓம்லோப், தமிழும் டச்சும் இங்கே ஒரே தடத்தில் போகின்றன. வேலை அனுபவத்தின் போக்கு லோப்பான். முதல் உலகப் போரின் பதுங்குகுழி லோப்ஃகிராஃப். தொழிற்சாலையின் கன்வேயர் பெல்ட் லோப்பன்டெ பாண்ட்.

லோப்பர் என்ற ஒரே சொல் சதுரங்கத்தில் பிஷப், வரவேற்புக்கு விரிக்கும் நீளக் கம்பளம், எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவி என மூன்றையும் குறிக்கும். லாண்ட்லோப்பர் என்பது வீடு வாசல் இல்லாமல் ஊர் ஊராகத் திரிபவர். பெல்ஜியத்தில் அப்படித் திரிவதே 1993 வரை சட்டப்படி குற்றம். வோர்ட்டெல் போன்ற இடங்களில் இருந்த குடியிருப்புகளில் கொண்டுபோய் அடைப்பார்கள். அந்த வோர்ட்டெல் 2021இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

மாணவர்களுக்கு இன்னொன்று: இன்டர்ன்ஷிப் செய்வது 'ஸ்டாஷெ லோப்பன்'. நாள் முழுக்க நாற்காலியைவிட்டு எழாமல் வேலை பார்த்தாலும் லோப்பன்தான்.

தமிழில் இந்தச் சொல் வந்து சேர்ந்திருக்கிறதா?

இல்லை. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1796 வரை இலங்கைக் கரையை ஆண்டார்கள். நாகப்பட்டினமும் அவர்கள் கையில் இருந்தது. விட்டுச் சென்றவை பெயர்ச்சொற்களே: கந்தோர், நொத்தாரிசு, துட்டு, கக்கூஸ். ஆபீஸ், பத்திரம் எழுதுபவர், காசு, கழிப்பறை என்று ஆட்சியும் அன்றாடமும் தேவைப்பட்ட சொற்கள் தங்கிவிட்டன. நடப்பதற்கு நமக்குச் சொல் கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை.

"லோப் நார் டெ மான்" என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வது?

'நிலாவுக்கு நடந்து போ' என்பது நேர்ப்பொருள். "போடா வேலையப் பாத்துக்கிட்டு" என்று எடுத்துக்கொள்ளுங்கள். கெட்ட வார்த்தை இல்லை, ஆனால் சொல்பவர் பொறுமை இழந்துவிட்டார். திரும்பிப் பதில் சொல்ல ஆசையாக இருந்தால் "லோப் யை மே?" (கூட வர்றியா?) என்று கேட்கலாம். கேள்வியில் ட் வராது, மறக்காதீர்கள்.